வில்லங்கச் சான்று காட்டாத வில்லங்கம்

மனை வாங்கக் கடன் கோரி வருவோர் வில்லங்கச் சான்றைத் தவறாமல் எடுத்து வருகின்றனர். நிலத்தின் மீதுள்ள அடமானத்தை அது காட்டும். நிலத்தின் அடியிலுள்ள நீரைப் பற்றி எதுவும் கூறாது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பெட்ரோல் நிலையம் அல்லது எரிபொருள் கிடங்கின் அருகே, ஆழ்துளைக் கிணற்றை நம்பி வீடு கட்ட எண்ணுவோர் இதனைச் சற்றுக் கருதிப் பார்க்க வேண்டும்.

2013 ஜூலையில் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் நீருடன் எரிபொருளும் வந்தது. மண்ணுக்கடியில் செல்லும் பாரத் பெட்ரோலியம் நிறுவனக் குழாயின் கசிவே காரணம் எனத் தெரியவந்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அடைந்தது. சீரமைப்புக் குறித்த விசாரணை ஆண்டுக்கணக்கில் நீண்டது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் அனல்மின் நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், மின் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் செலுத்த வேண்டும் என அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பங்கிட்டால் ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். இழந்த கிணற்றுக்கு அது ஈடாகுமா என்பதை வாசகரே கணிக்கலாம்.

சிறு கசிவும் சிறிதன்று. நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காடு வரை இருக்கலாம். இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் இப்பொருள், குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கணக்கிட்டால், அத்தகைய 1 லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை அவ்வரம்பு வரை கெடுக்கப் போதும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏறத்தாழ 70. நீரிலுள்ள பென்சீனின் வாடையை மூக்கு உணர்வதோ, அவ்வரம்பைப் போல் 1,000 மடங்கு ஆன பிறகே. எனவே, வாடை நின்றுவிட்டது என்பதைக் கொண்டு நீர் தூய்மையாகிவிட்டது என முடிவு செய்ய இயலாது.

சீரமைப்பில் முதற்பணி கசிவை அடைப்பது. அடுத்து, நீர்மட்டத்தின் மேல் மிதக்கும் எரிபொருளை இறைத்து அகற்றுவர். நீரில் கரைந்துவிட்ட பகுதியே கடினமானது. நிலத்தடியில் காற்றைச் செலுத்தி ஆவியாக வெளியேற்றலாம். இறைத்த நீரைக் கிளர்வூட்டப்பட்ட கரியின் வழியே செலுத்தலாம். எண்ணெயை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிரிகளுக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் அளித்து வளர்க்கலாம். இவை மாதங்களிலும் ஆண்டுகளிலும் அளக்கப்படும் பணிகள்.

நுண்ணுயிரிகள் எரிபொருளைச் சிதைக்கையில் இடைநிலைப் பொருள்கள் தோன்றுகின்றன. சோதனைக்கூடம் தேடும் பட்டியலில் அவை இல்லாமற் போகலாம். ஆகவே வேதியியல் ஆய்வுடன் உயிரிகளைக் கொண்டும் நச்சுத்தன்மையைச் சோதிக்கின்றனர். டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு 48 மணி நேரத்தில் அசைவற்றுப் போகிறதா, ஒளிரும் பாக்டீரியாவின் ஒளி அரைமணி நேரத்தில் மங்குகிறதா, வெங்காயத்தின் வேர் வளர்கிறதா எனப் பார்ப்பர். தொழிற்சாலைக் கழிவுநீருக்கு நம் சட்டமே இத்தகைய சோதனையை விதித்துள்ளது: கலப்பில்லாத அக்கழிவுநீரில் 96 மணி நேரத்திற்குப் பின் 90 விழுக்காடு மீன்கள் உயிருடன் இருத்தல் வேண்டும்.

நம் பகுதியின் பெரும்பரப்பு கடினப் பாறை. நீர் விரிசல்களின் வழியே ஓடுகிறது. எரிபொருளும் அவ்வழியே செல்லும். அடுத்த கிணறு தப்பி, அதற்கப்பால் உள்ளது கெடலாம். புதிய பெட்ரோல் நிலையம் குடியிருப்புப் பகுதியிலிருந்து 50 மீட்டரும், இடநெருக்கடியில் குறைந்தது 30 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வரையறுத்தது. அது தரைக்கு மேல் அளக்கும் தொலைவு. பாறை விரிசலுக்கு அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

மனையில் ஏற்கெனவே கிணறு இருப்பின், முன்பணம் தருவதற்கு முன் நீரைச் சோதிக்கலாம். கடினத்தன்மை, உப்பு, புளோரைடு ஆகியவற்றுக்கான வழக்கமான சோதனை எரிபொருளைக் காட்டாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் பென்சீன், டொலுவீன், சைலீன் ஆகியவற்றுக்கெனத் தனியே கேட்க வேண்டும். ஆய்வுக்கூடம் தரும் கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழ் நில்லாதவாறு விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து விரைவில் சேர்ப்பிக்க வேண்டும். பாதி நிரம்பிய பிளாஸ்டிக் கேனில் கொண்டு சென்றால், தேடும் பொருள் வழியிலேயே ஆவியாகிவிடும்.