மட்டை பிள்ளையின் கையில், கணக்கு பெற்றோர் கையில்

விளையாட்டில் சிறந்து விளங்கும் பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில், கல்லூரி இடம் தேடும் முயற்சியில் பெற்றோர் எந்த அளவுக்கு ஈடுபடலாம் என்னும் கேள்வி எழுகிறது. கல்விக் கடன் நாடி எங்களிடம் வரும் குடும்பங்களுக்கு இதனைத் தெளிவுபடுத்துவது எங்கள் கடமையெனக் கருதுகிறோம்.

கொல்கத்தாவில் பிறந்த லியாண்டர் பயஸின் தந்தை வேஸ் பயஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடியவர். தாயார் கூடைப்பந்து வீராங்கனை. விளையாட்டை நன்கறிந்த அப்பெற்றோரும் மகனைத் தாமே பயிற்றுவிக்க முனையாமல், 1985இல் சென்னையிலிருந்த பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ் பயிற்சியகத்துக்கு அனுப்பினர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அவர் வெண்கலம் வென்றார்.

சிறுவயதில் சில ஆண்டுகள் கொல்கத்தாவிலும் பின்னர் சென்னையிலும் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் கல்லூரி வழியே முன்னேறினார். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையிலான ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

இவ்வழியை நாடும் பிள்ளை, கல்லூரிப் பயிற்றுநருக்குத் தானே கடிதம் எழுத வேண்டும். உரையாடலிலும் தானே பேச வேண்டும். பயிற்றுநர் நான்காண்டுகள் பழகப் போவது மாணவரோடுதான். தந்தை எழுதும் கடிதம் மாணவரின் இயல்பை அவருக்குக் காட்டாது. உள்நாட்டில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வுக் களத்திலும் இதுவே முறை.

பெற்றோருக்குரிய பணிகள் வேறு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கான தகுதியை முடிவு செய்கையில் ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஆகவே மதிப்பெண் பட்டியல்களையும் போட்டிச் சான்றிதழ்களையும் பேணிக் காப்பது பெற்றோரின் முதற்பணி.

அடுத்தது பணம். உதவித்தொகை முழுமையானதா, பகுதியா? ஓராண்டுக்கா, நான்காண்டுக்கா? காயமுற்றால் தொடருமா? இவற்றுக்கு எழுத்துப்பூர்வமான விடை பெறுவது அவசியம். அங்கு மூன்றாம் பிரிவைச் சேர்ந்த கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நலம்.

எஞ்சும் தொகைக்குக் கல்விக் கடன் பெறுகையில் மாணவருடன் பெற்றோரும் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுகின்றனர். உதவித்தொகை இடையில் நின்றாலும் கடன் நிற்பதில்லை. எனவே குடும்பம் எவ்வளவு தாங்கும் என்பதை, விண்ணப்பம் அனுப்பும் முன்னரே பிள்ளையிடம் தொகையாகவே சொல்லிவிடுங்கள். கடன் கணக்கீட்டுக்கு எங்கள் கிளைகளை அணுகலாம்.

அவ்வரம்புக்குள் எந்தக் கல்லூரி, எந்தப் பயிற்றுநர் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஆட்டம் கைகொடுக்காத நாளிலும் அங்கு தங்கிப் படிக்க வேண்டியவர் அவரே.