மரவள்ளிப் பானைக்கு மூடி வேண்டாம்
பேசாலைப் பக்கம் அவித்த மரவள்ளிக்கிழங்கோடு மீன் குழம்போ கட்டச்சம்பலோ இருந்தால் போதும், வேறு சாப்பாடு தேடத் தோன்றாது. ஆனால் கிழங்கில் கத்தி பட்டதுமே உள்ளே ஒரு தாக்கம் தொடங்குகிறது. அதிலுள்ள லினமாரின் நொதியத்தால் உடைந்து, அசற்றோன் சயனோஐதரின் உண்டாகிறது. நிறமற்ற, நச்சுத்தன்மையுள்ள எளிய நைத்திரைல் இது. சூடுபட்டால் அசற்றோனாகவும் ஐதரசன் சயனைட்டாகவும் பிரியும். சயனைட்டு 26 பாகை செல்சியஸிலேயே கொதிப்பது. திறந்த பானையில் ஆவியோடு போய்விடும். ஆகவே தோல் நீக்கி, சிறிதாக வெட்டி, ஊறவைத்து, மூடாமல் அவியுங்கள். அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இஞ்சி சேர்ந்தால்தான் நஞ்சு என்பார்கள். கிழங்கு இஞ்சிக்காகக் காத்திருப்பதில்லை! தொழிற்சாலைகளில் இதே நைத்திரைலை அசற்றோனையும் ஐதரசன் சயனைட்டையும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். கண்ணாடிபோன்ற பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் அதிலிருந்து வருகிறது.