ஊறும் உறவும்: தோலின் அறிவு பற்றிச் சில குறிப்புகள்

பார்வையைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. ஃபூக்கோவைக் கையில் எடுத்த நாளிலிருந்து கண்காணிப்பு, காட்சி, பார்க்கும் அதிகாரம் என்று கண்ணைச் சுற்றியே நம் சொல்லாடல்கள் நடந்திருக்கின்றன. தோல் ஓரமாகக் கிடக்கிறது. இந்தச் சமூகத்தில் அதிகாரம் கண்ணால் மட்டுமா வேலை செய்தது? 'எட்டி நில்லு', 'மேல படாதே', 'தொட்டுட்டியா?' என்பவையெல்லாம் தோலின் மொழி. ஆகவே தொடுதல் எப்படி நடக்கிறது என்று அறிவியலிடம் கேட்டுப் பார்க்கலாம் எனத் தோன்றியது. நான் உடலியல் படித்தவன் இல்லை. வாசித்ததை நம் கேள்விகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்தும்போது புல்லுக்கும் மரத்துக்கும் தருகிற ஒரே அறிவு தொடுதல்தான். மற்ற அறிவுகள் அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கப்படுகின்றன. தொடு உணர்வுக்குப் பழந்தமிழ்ச் சொல் 'ஊறு'. அதே சொல்லுக்குக் காயம், கேடு என்றும் பொருள் உண்டு. 'உறு' என்கிற அந்த வேரிலிருந்துதான் உறவும் உற்றாரும் வருகிறார்கள். தொடுதல், காயம், உறவு மூன்றும் ஒரே வேரில். இது வெறும் சொல் விளையாட்டா என்பதற்கான பதிலைத் தோலில்தான் தேட வேண்டும்.

பள்ளிக்கூட ஜாமெட்ரி பெட்டியிலிருந்து இரண்டு முனையும் கூராக உள்ள டிவைடரை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிய நண்பரின் விரல் நுனியில் அதன் இரு முனைகளையும் லேசாக வையுங்கள். முனைகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் இருந்தாலே 'ரெண்டு' என்று சொல்லிவிடுவார். முதுகில் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் விலகியிருந்தால்தான் 'ரெண்டு' என்பார்; அதற்குக் குறைந்தால் 'ஒண்ணுதான்' என்பார். ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வேபர் 1834-ல் வெளியிட்ட ஆய்வு இது. தோல் ஒரே சீரான போர்வை இல்லை என்று அளந்து காட்டியவர் அவர்.

பின்னால் வந்தவர்கள் தோலுக்குள் இருக்கும் உறுப்புகளைப் பிரித்தறிந்தார்கள். ரோமமற்ற உள்ளங்கைத் தோலில் முக்கியமாக நான்கு வகை ஏற்பிகள்; கண்டவர்களின் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. மெர்க்கல் ஏற்பி விளிம்பையும் தொடர்ந்த அழுத்தத்தையும் அறியும். மெய்ஸ்னர் ஏற்பி, கையிலிருந்து பொருள் நழுவத் தொடங்கும் கணத்தை அறியும். ருஃபினி தோல் இழுபடுவதையும், ஆழத்திலிருக்கும் பாசினி நுண்ணிய அதிர்வையும் அறியும். அழுத்தம் எப்படி மின்குறிப்பாக மாறுகிறது என்பது நீண்ட நாள் புதிராகவே இருந்தது. செல்லின் சவ்வு இழுபடும்போது திறந்துகொள்ளும் 'பியெசோ' என்ற புரத வாயில்களை ஆர்டெம் படாபூட்டியன் குழு 2010-ல் கண்டுபிடித்தது. அதற்காக 2021-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவத்துக்கான அந்தப் பரிசை வெப்பமும் வலியும் உணரப்படும் விதத்தை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸும் பகிர்ந்துகொண்டார்.

இத்தனை உறுப்புகளைச் சொன்னதும் தோல் என்பது தபால் பெட்டி மாதிரி, வந்து விழுவதை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது என்று எண்ணத் தோன்றும். ஜேம்ஸ் கிப்சன் 1962-ல் செய்த சோதனை இந்த எண்ணத்தைக் கலைத்தது. பிஸ்கட் வெட்டும் அச்சுகளை அசையாத உள்ளங்கையில் அழுத்தி, என்ன வடிவம் என்று கேட்டார். ஏறக்குறையப் பாதித் தடவைதான் சரியான பதில் வந்தது. அதே அச்சுகளை விரலால் தடவித் தேட விட்டபோது 95 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கை தேடிப் போய்த்தான் அறிகிறது. துணியின் தரத்தை இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பார்க்கும் எந்தக் கடைக்காரருக்கும் இது தெரியும்.

இதுவரை சொன்னது அடையாளம் காணும் தொடுதல். இன்னொன்று இருக்கிறது. ரோமமுள்ள தோலில், முன்னங்கையில், முதுகில், மெதுவான நரம்பிழைகள் உள்ளன. அடையாளம் காணும் இழைகளில் செய்தி வினாடிக்குப் பல பத்து மீட்டர் ஓடுகிறது; இவற்றில் சுமார் ஒரு மீட்டர்தான். ஒரு வருடலின் வேகம் வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டருக்குள் இருந்தால் இவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. குழந்தையைத் தட்டித் தடவித் தூங்க வைக்கிற கையின் வேகம் ஏறக்குறைய இதுதான். வேகமான இழைகளை நோயில் இழந்துவிட்ட ஒரு பெண்ணை ஸ்வீடிஷ் ஆய்வாளர் ஹோகன் ஒலாசன் குழு 2002-ல் ஆராய்ந்தது. மெல்லிய தூரிகையால் முன்னங்கையை வருடியபோது அவருக்குத் தெளிவாக எதுவும் தெரியவில்லை. ஆனால் ஏதோ இதமாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடிந்தது. உறவுக்கென்று தோலில் தனி வழி இருக்கிறது என்று இதை வாசிக்கலாம்.

ஊறுக்கும் வழி இருக்கிறது, அது வலி. அந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பது உலகுக்குத் தெரியவந்ததில் வேலூருக்குப் பங்கு உண்டு. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்பது அன்றைய நம்பிக்கை. பிராண்ட் கண்டது வேறு. கிருமி நரம்பைத் தாக்குகிறது, உணர்வு போய்விடுகிறது. பிறகு சூடான பாத்திரமும் ஆணியும் துருப்பிடித்த பூட்டும் விரலைத் தின்கின்றன. இரவில் தூங்கும்போது எலி கடித்தது கூடத் தெரியாமல் போனவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் செயற்கை வலி ஒன்றைச் செய்து பார்த்தார். அழுத்தத்தை உணரும் கையுறை, அளவு மீறினால் உணர்வுள்ள ஓர் இடத்தில் மின் அதிர்ச்சி. திட்டம் தோற்றது. ஏதாவது வேலையை முடிக்க வேண்டுமென்றால் நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டார்கள். அணைக்க முடிகிற வலி யாரையும் காப்பாற்றாது.

தொழுநோயாளிக்கு இரட்டை இழப்பு. அவர் தோலுக்கு உணர்வில்லை, அவரைத் தொடவும் ஆளில்லை. முதலாவது கிருமியின் வேலை. அதற்கு 1980களிலிருந்தே கூட்டு மருந்து சிகிச்சை இருக்கிறது. இரண்டாவது நம் வேலை. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. விவாகரத்துக்கு இந்நோயை ஒரு காரணமாகக் காட்டலாம் என்ற விதி போனது 2019-ல். சாதியைச் 'சமூகத் தொழுநோய்' என்று மேடையில் முழங்குகிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இது நோயுற்றவர்களுக்கு அவமானம். சாதிக்கோ சலுகை. கிருமி ஆள் பார்த்துத் தொற்றுவதில்லை. சாதியைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

'தீண்டு' என்ற சொல்லைப் பாருங்கள். பாம்பும் தீண்டுகிறது, கையும் தீண்டுகிறது. ஒரு மனிதரின் கைக்குப் பாம்பின் வினைச்சொல்லைக் கொடுத்து வைத்திருக்கிறோம். சுந்தர் சருக்கை 2009-ல் எழுதிய கட்டுரையில், தீண்டாமையின் வேரைத் தீண்டப்படாதவரின் உடலில் தேடக்கூடாது, தீண்ட மறுப்பவரின் உடலில்தான் தேட வேண்டும் என்று வாதிட்டார். தோலின் அறிவியலோடு சேர்த்துப் படித்தால் இது இன்னும் கூர்மையாகிறது. இயல்பில் தேடிப்போகிற, இதத்துக்கென்றே தனி இழை வைத்திருக்கிற ஓர் உறுப்பை மரத்துப்போகச் செய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும்! தனிக் குவளை, தனிப் பாதை, தனிச் சுடுகாடு. தமிழகக் கிராமங்கள் பலவற்றில் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சமூகத்து மருத்துவச்சிகள். பிறந்த குழந்தையை முதலில் தொட்ட கை அவர்களுடையது. அந்தக் குழந்தை வளர்ந்து அந்தக் கையையே விலக்கக் கற்றுக்கொண்டது.

சமூகம் இவ்வளவு ஆழமாகத் தோலுக்குள் போகுமா? 2012-ல் வலேரியா கசோலா குழு செய்த சோதனையில் ஆண்களின் காலை எப்போதும் ஒரு பெண்ணே வருடினார். ஆனால் சில வேளை 'இப்போது தொடுவது ஓர் ஆண்' என்று அவர்கள் நம்பவைக்கப்பட்டார்கள். தொடுதலை முதலில் வாங்கும் மூளைப் பகுதியின் செயல்பாடே மாறியது. இதிலிருந்து சாதிக்கு நேராகத் தாவிவிட முடியாது. என்றாலும் யார் தொடுகிறார்கள் என்ற நினைப்பு தொடு உணர்வின் அடித்தளத்திலேயே கலந்திருக்கிறது என்பதை ஒதுக்கவும் முடியாது. சட்டம் 1950-லேயே தீண்டாமையை ஒழித்தது. தோலுக்கு அந்தச் செய்தி முழுசாக இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் தொட்டுவிட்டால் தீர்ந்ததா? தலைவர்கள் சேரிக்குப் போய்ச் சாப்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வதும் தொடுதல்தானே. பஸ் நெரிசலில் பெண் உடலை உரசுகிற கையும் தொடுகிறது, லாக்கப்பில் விழுகிற லத்தியும் தொடுகிறது. ஊறு என்ற சொல்லின் மறுபக்கம் அது. ஆகவே கேள்வி தொடுவதா வேண்டாமா என்பதோடு நிற்காது. யார் யாரைத் தொடலாம், யாருக்கு மறுக்கும் உரிமை உண்டு, இதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுவரை போக வேண்டும். உற்றார் என்ற சொல்லில் இன்று சொந்தச் சாதிக்காரர் மட்டுமே இருக்கிறார்கள். அந்தச் சொல்லின் வேரில் இருப்பதென்னவோ வெறும் தொடுதல்தான்.