கணக்கில் தோற்ற கால்பந்துக் கழகம்!

பந்தாடித் தோற்பவர்கள் உண்டு. கணக்கு எழுதித் தோற்பவர்களும் உண்டா? உண்டு!

இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்துக் கழகம் எவர்ட்டன். பிரிமியர் லீக் போட்டியில் ஆடும் கழகம். கழகங்கள் கடனில் மூழ்காமல் இருக்க, லீக் ஒரு விதி வைத்திருந்தது. மூன்று ஆண்டு நஷ்டம் 10½ கோடி பவுனைத் தாண்டக் கூடாது. எவர்ட்டனுக்கோ 12 கோடியே 45 லட்சம்!

2023 நவம்பரில் 10 புள்ளிகளைப் பறித்தார்கள். 14-ம் இடத்தில் இருந்த கழகம், 19-ம் இடத்துக்குச் சரிந்தது. கடைசி மூன்று இடங்களில் முடித்தால், கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டியதுதான்!

செலவு செய்தவர் முதலாளி. தண்டனை ஆட்டக்காரர்களுக்கா? ரசிகர்கள் கொதித்தார்கள். கழகம் அப்பீல் செய்தது. 2024 பிப்ரவரியில் தண்டனை 6 புள்ளியாகக் குறைந்தது. ஏப்ரலில், அடுத்த கணக்குக்காக மேலும் 2 புள்ளி போயிற்று.

ஆனாலும் ஆட்டக்காரர்கள் சோரவில்லை. 15-ம் இடம் பிடித்துத் தப்பினார்கள். முதலாளி வைத்த ஓட்டையை, ஆட்டக்காரர்களின் கால்கள் அடைத்தன!