தலையில் பட்ட அடிக்குத் தாள் எங்கே?

தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை எனக் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை நெடுகப் பந்துகளி இல்லாத ஊர் கிடையாது. சந்தோஷ் டிராபி கால்பந்துப் போட்டிக்கு ஆட்களை அனுப்பிய மண் அது. அங்கே மைதானங்களில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்று உண்டு. ஹெட் அடிக்க எழும்பும் இருவரின் தலைகள் மோதுகின்றன. ஒருவன் விழுகிறான். முகத்தில் தண்ணீர் தெளித்து, "சாரமில்ல, எழும்பு மக்கா" என்று தூக்கி நிறுத்துகிறார்கள். தன் கோல்போஸ்ட் எந்தப் பக்கம் என்றே தெரியாமல் மிச்ச ஆட்டத்தையும் அவன் ஆடுகிறான். ஆஸ்பத்திரி கிடையாது, சீட்டும் கிடையாது. முப்பது வருஷம் கழித்து அதே ஆளுக்கு ஓர்மை தவறும்போது, "வயசாச்சில்லா" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டும் தவறு. இரண்டுமே திருத்தக்கூடிய தவறு.

மூளையதிர்ச்சி என்றால் மயங்கி விழ வேண்டும் என்பதில்லை. பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். நடந்து போகிறானே என்பதும் சமாதானமாகாது. 1998 பிப்ரவரியில் டாக்காவில், ஹெல்மெட் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்ற இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பாவின் தலையில் பந்து பட்டது. தானே நடந்துதான் வெளியேறினார். மூன்று நாளில் இறந்தார்.

மெதுவாக வரும் ஆபத்து வேறு. ஹெட்டிங்குக்குப் பேர்போன இங்கிலாந்து வீரர் ஜெஃப் ஆஸில் 2002-ல் 59 வயதில் மறதி நோயோடு இறந்தபோது, மரண விசாரணை அதிகாரி அதைத் தொழில்சார் நோய் என்றே பதிவு செய்தார். 2019-ல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்களை ஆராய்ந்தார்கள். மூளை நரம்புச் சிதைவு நோய்களால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிடச் சுமார் மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள். ஹெட் அடித்த எல்லாருக்கும் இது வரும் என்று பொருளில்லை. ஆனால் தலையில் அடிபட்ட வரலாற்றை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

சொல்வதற்குத் தாள் வேண்டும். அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். எப்படி அடிபட்டது, மயக்கம் எவ்வளவு நேரம், வாந்தி வந்ததா, நடந்ததை மறந்தாரா என்பதெல்லாம் எழுதப்படுகிறதா என்று உடனிருப்பவர் பார்க்க வேண்டும். படுக்கையில் சேர்த்தால், டிஸ்சார்ஜ் சம்மரி வாங்காமல் வெளியே வரக்கூடாது. நோயாளி எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவண நகல் தர வேண்டும் என்பது 2002-ன் மருத்துவ நெறிமுறை விதி. அதே விதிப்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம். எனவே நகல் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.

பழைய தாள் இல்லாதவர்கள், எந்த ஆண்டு, எந்தப் போட்டி, எப்படிப்பட்ட அடி என்பதை உடன் ஆடியவர்களிடம் விசாரித்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

அந்தப் பக்கத்தோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மேற்குக் கடற்கரைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவும் பக்கம்தான். மறதி எல்லாமே தீராத நோயல்ல. பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்து உண்டு. முதியவர் லேசாகத் தலையை இடித்துச் சில வாரங்கள் கழிந்தபின், மூளையைச் சுற்றி மெல்லக் கசிந்து சேர்ந்த ரத்தமும் ஓர்மையைக் கெடுக்கும். சி.டி. ஸ்கேனில் அது தெரியும், அறுவை சிகிச்சையில் சரியாகும். "வயசாச்சு" என்று விட்டுவிட்டால் இதையும் இழக்கிறோம்.

நோய் உறுதியானால், மறதி நோய்க்கும் மாற்றுத்திறனாளிச் சான்று உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் ஆதாரும் புகைப்படமும் ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்றளித்தால் சலுகைகளுக்குத் தகுதி வரும். விவரம் கேட்க வேண்டிய இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். நலிந்த முன்னாள் வீரர்களுக்கு மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஓய்வூதியத் திட்டமும் இருக்கிறது. நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேளுங்கள். போட்டிச் சான்றிதழ்களைக் கரையான் அரிக்க விட்டவர்களால் அங்கே எதையும் நிரூபிக்க முடியாது. உயில் எழுதுவதும் வங்கிக் கணக்குக்கு நாமினி நியமிப்பதும் ஓர்மை தெளிவாக இருக்கும்போதே முடிய வேண்டும். எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவு இழந்தால் பவர் பத்திரமும் செல்லாமல் போகும்.

கோப்பைக்கும் மின்விளக்குக்கும் லட்சக்கணக்கில் வசூலிக்கும் போட்டிக் குழுக்கள், ஒரு மருத்துவரை அழைத்து உட்கார வைக்க மனமில்லாமல் இருப்பதற்கு என்ன நியாயம்? அனுமதி கொடுக்கும் அதிகாரிகளும் அதைக் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: தலையில் அடிபட்டவனை அன்று மறுபடி களத்தில் இறக்காதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தாளை வாங்கிக்கொண்டு வாருங்கள்.