கணினிக்குள் ஓர் அஞ்சலகம்

2011-இல் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. சேலம், நாமக்கல் மாவட்ட அரசுப் பள்ளி மாணவர்கள் கைக்கும் லினக்ஸ் வந்தது அப்படித்தான். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் அந்த மடிக்கணினிகளில் இருந்தது. பாஸுக்கு அடித்தளம் டெபியன் லினக்ஸ். டெபியனின் வழக்கமான நிறுவலில் எக்ஸிம் என்ற அஞ்சல் சேவையகமும் நெடுங்காலம் கேட்காமலே சேர்ந்து வந்தது.

பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவருக்கு அது எதற்கு?

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் காலத்தில் ஒரே கணினியில் பலர் கணக்கு வைத்திருந்தார்கள். பக்கத்து மேசைக்காரருக்கு எழுதும் கடிதம் அந்த இயந்திரத்துக்குள்ளேயே போய்ச் சேரும். 1980களின் தொடக்கத்தில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற அஞ்சல் சேவையகத்தை எழுதியது அந்தச் சூழலில்தான். மனிதர்களோடு நிரல்களும் கடிதம் எழுதப் பழகின. குறித்த நேரத்தில் வேலை முடிக்கும் ‘கிரான்’, தன் வேலையின் விளைவை அஞ்சலாக்கி உரியவருக்கு அனுப்பும். வட்டின் நலத்தைக் கண்காணிக்கும் ‘ஸ்மார்ட்-டி’, பழுதின் அறிகுறி தெரிந்தால் ‘ரூட்’ என்னும் தலைமைக் கணக்குக்கு எழுதும். வியப்பு என்னவென்றால், வட்டு சாகப்போகிறது என்ற கடிதமே பெரும்பாலும் அதே வட்டில்தான் சேமிக்கப்படும். மேசைக் கணினியில் அந்தப் பெட்டியைத் திறப்பவர் அநேகமாக யாரும் இல்லை.

வெளியே அனுப்பலாமென்றால் அங்கேயும் தடை. குப்பை அஞ்சலுக்குப் பயந்து பல இணையச் சேவை நிறுவனங்கள், அஞ்சல் வெளியேறும் 25-ஆம் வாயிலை மூடிவைத்திருக்கின்றன. வீட்டு இணைப்பிலிருந்து நேரே வரும் அஞ்சலைப் பெரிய சேவையகங்கள் நம்புவதில்லை. பாதுகாப்புக் கவலையும் உண்டு. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற தீநிரல் பரவிய வழிகளில் ஒன்று சென்ட்மெயிலில் இருந்த ஓட்டை. ஃபெடோரா லினக்ஸ், 2013 டிசம்பரில் வந்த 20-ஆம் பதிப்பில் சென்ட்மெயிலை இயல்பான நிறுவலிலிருந்து எடுத்துவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தண்டர்பேர்டு போன்ற செயலிகள் கடிதத்தை நேரே உங்கள் அஞ்சல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகின்றன. வீட்டுக் கணினிக்கு அது போதும்.

ஆனால் நாமக்கல்லில் ஒரு லாரி அலுவலகமோ கோழித்தீவன ஆலையோ, கணக்கு முழுவதையும் ஒரே கணினியில் வைத்து இரவெல்லாம் ஓடவிட்டால் கதை வேறு. அங்கே எச்சரிக்கை வெளியே வந்தாக வேண்டும். எம்எஸ்எம்டிபி என்ற சிறு நிரல், அதை உரிமையாளரின் வழக்கமான அஞ்சல் கணக்கு வழியே அனுப்பிவிடும். இணைப்பு அடிக்கடி அறுந்தால், வரிசையில் வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும் நல்மெயிலர் என்ற நிரல் மேலானது. ஸ்மார்ட்-டியில் சோதனைக் கடிதம் அனுப்பும் வசதி இருக்கிறது. அது உரிமையாளரின் கைபேசிக்கு வருகிறதா என்று நிறுவிய அன்றே பார்த்துவிட வேண்டும்.