பள்ளிக்கூடத்துக்கு மத்திய அரசின் பணம்: பெற்றோர் அறிய வேண்டியவை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் நம் பிள்ளைகள் பலர் மாநகராட்சி, அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். இப்பள்ளிகளின் செலவில் பெரும்பகுதியை மாநிலமே ஏற்கிறது. மத்திய அரசின் பங்கு 'சமக்ர சிக்ஷா' திட்டம் வழியாக வருகிறது. இதில் மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40 சதவீதம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், ஆசிரியர் பயிற்சி ஆகியவை இதில் அடங்கும்.

பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்க வேண்டும். தமிழகம் மறுத்ததால் 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடங்களின் சேர்க்கையும் அந்த ஆண்டு பல மாதங்கள் தாமதமானது.

சிறுபான்மை மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகையும் 2022 முதல் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை இல்லை. 

பணம் எங்கே நின்றாலும் பாதிப்பு பிள்ளைகளுக்கே. சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தாம். அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் செல்வோம். நம் பள்ளிக்கு எது வந்தது, எது வரவில்லை என்று கேட்போம்.